கொதிக்கும் எஞ்சின்: எப்போது கொதிக்கிறது?



எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்தும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் உள்ளது 1980களில் செய்யப்பட்ட பெட்ரோல் அம்பாசடர் வண்டி. அம்பாசடரின் தயாரிப்பு 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எனினும் மணமக்களை அழைத்துச் செல்ல அந்த வண்டிதான் வேண்டும் என்று விரும்பிக் கேட்போர் இன்றும் உளர். ஆகவே அவ்வண்டி அவருக்கு வெறும் இரும்பன்று. நாள்தோறும் சோறிடும் நிலம் போன்றது.

ஒரு கோடையில், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வழியில் எஞ்சின் கொதித்து ஆவி கக்கியது. உடன் சென்றிருந்த அவருடைய பதினாறு வயது மகன், தண்ணீர் ஊற்றும் அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகினான். மறு நொடியே கொதிநீர் பீறிட்டு அவனுடைய முழங்கைவரை வெந்துபோயிற்று. புண் ஆற இரண்டு மாதங்கள் ஆயின.

வண்டியின் நோயோ அதற்குப் பின்னும் ஆறவில்லை. ஒரு பட்டறையில் வாட்டர் பம்பை மாற்றினார்கள். மலை ஏறியதும் மறுபடியும் கொதித்தது. பிறகு தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், பலனில்லை. கடன் வாங்கிய பணம் கரைந்ததுதான் மிச்சம். இறுதியில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றார். அப்பெரியவர் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. “தம்பி, எப்போது கொதிக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்வியின் அருமையை உணர வேண்டுமானால், எஞ்சின் குளிரும் முறையைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது; மற்றொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. எஞ்சின் சூடேறும்வரை தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு மூடியிருக்கும். ஏறத்தாழ 80 டிகிரி சென்டிகிரேடில் அது திறக்கும். உடனே வெந்நீர் மேல் குழாய் வழியே ரேடியேட்டருக்குச் சென்று, அங்குள்ள மெல்லிய குழல்களில் இறங்கி, காற்றால் குளிர்ந்து, கீழ்க் குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்புகிறது. தண்ணீரை ஓட்டுவது பம்ப். காற்றை இழுப்பது விசிறி. அம்பாசடரில் இவ்விரண்டையும் சுழற்றுவது ஒரே பெல்ட்.

ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடியன்று. நம் இல்லத்துப் பிரஷர் குக்கரைப்போல அது அழுத்தத்தைக் காக்கிறது. 7 பவுண்டு மூடி சரியாக வேலை செய்தால், தண்ணீர் கொதிக்கும் நிலை ஏறத்தாழ 11 டிகிரி உயரும். மலை உச்சிக்குச் செல்லச் செல்லக் கொதிநிலை தாழ்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்த வண்டி, சமவெளியில் ஓடினாலும் மலையில் காலை வாரிவிடும்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். எப்போது கொதிக்கிறது?

ஊருக்குள் நின்று நின்று செல்லும்போது கொதித்து, நெடுஞ்சாலையில் குளிர்ந்துவிட்டால், குறை பெரும்பாலும் காற்றில் உள்ளது. வேகமாகச் செல்கையில் எதிர்க்காற்றே போதும். நிற்கும்போதுதான் விசிறி தேவை. பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஏறத்தாழ அரை அங்குலம் அமிழ வேண்டும். அதிகம் தொய்ந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். ரேடியேட்டரின் முகப்பில் பஞ்சும் பூச்சியும் அடைத்துள்ளனவா என்றும் பாருங்கள்.

ஊருக்குள் நன்றாக ஓடி, வேகத்திலும் ஏற்றத்திலும் கொதித்தால், குறை பெரும்பாலும் தண்ணீரின் ஓட்டத்தில் உள்ளது. ரேடியேட்டர் குழல்கள் அடைபட்டிருக்கலாம். அல்லது நைந்துபோன கீழ்க் குழாய், பம்ப் இழுக்கும் வேகத்தில் உட்பக்கமாக ஒட்டிக்கொள்ளலாம். எஞ்சினின் டைமிங் பின்தங்கியிருந்தாலும், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் இதே குறி தோன்றும்.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே கொதித்தால், முதலில் தண்ணீரின் அளவையும் பெல்ட்டையும் பாருங்கள். எஞ்சின் சுட்டுக்கொண்டிருக்க மேல் குழாய் மட்டும் குளிர்ந்திருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று ஐயுறலாம். அதைக் கழற்றி ஒரு பாத்திரத்து நீரில் இட்டுச் சூடேற்றினால், திறக்கிறதா என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

வெளியே ஒழுக்கு எதுவும் இன்றித் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட் பழுதுபட்டிருக்கக்கூடும். ரேடியேட்டரில் ஓயாது குமிழி எழுவதும், சூடேறிய பின்னும் சைலன்சரில் வெண்புகை வருவதும், ஆயில் மோர் போல வெளுப்பதும் அதன் அடையாளங்கள். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டுவது எஞ்சினையே இழப்பதற்கு வழியாகும்.

நண்பரின் வண்டி ஏற்றத்தில் மட்டுமே கொதித்தது. பெரியவர் எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, விசிறி நின்றபின், ரேடியேட்டரின் முகப்பைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். நடுப்பகுதி சுட்டது, இரு ஓரங்களும் குளிர்ந்திருந்தன. அங்கே தண்ணீரே ஓடவில்லை என்பது புலனாயிற்று. கழற்றித் திறந்தபோது, குழல்களின் வாயெல்லாம் வெள்ளைக் காறை படிந்து கிடந்தது. காலைதோறும் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி வந்திருக்கிறார். நம் வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் அதே உப்புத்தான் அது. குழல்களில் கம்பி விட்டுத் துப்புரவு செய்து, காய்ச்சி வடித்த நீரும் கூலண்ட்டும் கலந்து ஊற்றினார்கள். செலவு, மாற்றிய பம்பின் விலைகூட ஆகவில்லை. அடுத்த மாதம் வண்டி கொடைக்கானலுக்கு ஏறியது. முள் நடுவிலேயே நின்றது.

வழியில் எஞ்சின் கொதித்துவிட்டால் செய்ய வேண்டியவை சிலவே. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். பிள்ளைகளை இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அரை மணி நேரமேனும் மூடியைத் தொடாதீர்கள். மேல் குழாய் கை தாங்குமளவு ஆறிய பின்னரே, தடித்த துணியை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மெதுவாக முதல் தடைவரை திருகி ஆவியை வெளியேற்றுங்கள். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றாதீர்கள். இரும்பு விரிசல் விட்டுவிடும். கொதித்துக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரெனத் தாழ்ந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். தண்ணீர் அளவுமானிக்குக் கீழே வற்றிவிட்டாலும் முள் அவ்வாறே தாழும்.

பட்டறைக்குச் செல்லுமுன், எப்போது, எங்கே, எவ்வளவு தூரம் சென்றபின் கொதித்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பொருளை மாற்றிப் பார்ப்பதற்கு முன் அதைப் படித்துப் பார்க்கும் மெக்கானிக்கை நம்பலாம்.

நண்பரின் மகன் இப்போது காலைதோறும் தானே ரேடியேட்டரைப் பார்க்கிறான், எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் மட்டும். அவன் கையில் உள்ள தழும்பு மறையவில்லை. நம் பிள்ளைகளுக்கு அத்தழும்பு வேண்டாம் என்பதற்காகவே இம்மாதம் இதை எழுத நேர்ந்தது.