பெண் புறப்படுகிறாள்

"வெளிநாட்டிலே, விசேஷக் கவனிப்பு வேண்டிய குழந்தைகளின் பள்ளியில் ஒரு வருஷம் ஊழியம் செய்யப் போகிறேன், அம்மா!" என்று உங்கள் பெண் வந்து நின்றால் பதறாதீர்கள், சகோதரிகளே!

ஸ்காட்லாந்தில், அபர்டீன் நகரையடுத்து இருக்கிறது காம்ப்ஹில் பள்ளி. ஹிட்லருக்குத் தப்பி வந்த வியன்னா டாக்டர் கார்ல் கோனிக்கும் அவர் நண்பர்களும் ஆரம்பித்தது. 1940-ல், அந்த வீட்டுக்குக் குடிபோகும் சமயத்தில், பகை நாட்டார் என்று ஆண்களையெல்லாம் காவலில் வைத்துவிட்டார்கள். பெண்கள் கலங்கினார்களா? ஜூன் முதல் தேதி தாங்களே மூட்டை முடிச்சுகளோடு குடியேறினார்கள்!

இன்றும் பல தேசத்து இளைஞர்கள் அங்கே வந்து உழைக்கிறார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடு, தங்க இடம், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான்.

பெண்ணிடம் ஒன்றுமட்டும் கேளுங்கள்: "பாதியில் திரும்பிவிட மாட்டாயே?" பழகிய முகம் திடீரென்று மறைந்தால், அந்தக் குழந்தைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.