மானுக்கு எந்தத் தோட்டா?

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால் வயலும் பற்றையும் மாறி மாறி வந்து, பிறகு கரடியனாறு வரும். வெளியூர்க்காரரிடம் இந்தப் பேரைச் சொன்னால் அவர்களுக்கு 2010 செப்டெம்பர் 17தான் ஞாபகம் வரும். வீதி வேலைக்கெனக் கொண்டுவந்து பொலிஸ் நிலைய வளவுக்குள் வைத்திருந்த வெடிமருந்து வெடித்து, இருபதுக்கும் மேற்பட்ட ஆக்கள் செத்துப்போன நாள் அது. நாங்கள் எழுதப்போவது அந்த நாளைப் பற்றி இல்லை. ஆனா வெடிமருந்தைப் பற்றித்தான்.

எங்கட கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், ஒருவன் போனில் ஒரு வீடியோவைப் போட்டான். தாடி வைத்த ஒரு அமெரிக்கர், மேசையில் நாலைந்து தோட்டாப் பெட்டிகள். மான் வேட்டைக்குப் பெரிய குழல் ரைபிளில் எந்தக் கொம்பனியின் தோட்டாவைப் போடுவது எண்டு முக்கால் மணித்தியாலம் பேசுகிறார். நாங்கள் சிரித்தோம். உறுகாமம் பக்கம் வயல் உள்ள நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் சொன்னான்: "டேய், ஒரு மானைச் சுட இவனுக்கு இவ்வளவு யோசனை. எங்கட பக்கத்தில யோசிக்கிறதுக்கு ஆளே இல்ல. ஆள் வீட்டில படுத்திருப்பான், துவக்கு காட்டில காவல் இருக்கும்."

அந்தச் சொல் எங்களை விடவில்லை. அந்த அமெரிக்கர் அப்படி என்னத்தைத்தான் யோசிக்கிறார் எண்டு தேடிப் பார்த்தோம்.

அவர் கையில் இருந்தது 45-70 எனும் வகை. 1873இல் அமெரிக்க இராணுவத்துக்காக வந்த தோட்டா. 45 எண்டது குழலின் அளவு, அதாவது ஒரு அங்குலத்தில் நூற்றில் 45 பங்கு. 70 எண்டது அந்தக் காலத்தில் உள்ளே போட்ட கரிமருந்தின் அளவு. பழைய சன்னம் 405 கிரெயின், ஏறத்தாழ 26 கிராம். எங்கட தலைமுறை கண்ட ஏ.கே. துவக்கின் சன்னம் 8 கிராம்தான், ஒப்பிட்டுப் பாருங்க. இவ்வளவு பாரமான சன்னம் மெதுவாகத்தான் போகும், தூரம் கூடக் கூடப் பதிந்து விழும். நூறு யாருக்குச் சரிபார்த்த துவக்கால் இருநூறு யாரில் சுட்டால் ஓரடிக்கும் கீழே போய்ப் படும். அதனால் வேட்டைக்காரன் கிட்டப் போக வேண்டும், இல்லாட்டிச் சுடாமல் விட வேண்டும்.

சன்னத்திலும் வகை இருக்கு. வார்த்த கெட்டி ஈயம் உடம்புக்குள் விரியாது, நேரே துளைத்து மற்றப் பக்கத்தால் வெளியே போகும். அது கரடி மாதிரிப் பெரிய மிருகத்துக்கு. மானின் உடம்பு மெல்லியது. அதுக்கு 300 கிரெயின் அளவில், முனை மெத்தென்ற சன்னத்தைப் போடுவார்களாம். பட்டவுடன் விரிந்து நெஞ்சுக்குள் வேலையை முடித்துவிடும், மான் தூரம் ஓடாது. முழுக்கச் செப்புறை போட்ட இராணுவச் சன்னத்தால் மான் சுடுவதை அங்கே பல மாநிலங்களில் சட்டமே தடுக்குது, விரியாத சன்னம் மிருகத்தைக் காயப்படுத்தி ஓடவிடும் எண்டபடியால். இன்னொரு சங்கதியும் தெரிந்துகொண்டோம். இந்த ரைபிளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒண்டுக்குப் பின்னால் ஒண்டாகக் கிடக்கும். கூர்முனை போட்டால் பின்னால் கிடக்கிறது முன்னால் கிடக்கிறதின் அடியைக் குத்தி, உள்ளுக்கேயே வெடிக்கலாம். அதுதான் முனை தட்டையாக இருக்கு. பிறகு ஹோர்ணடி எண்ட கொம்பனி இறப்பர் மாதிரி வளையும் முனை வைத்துக் கூர்ச் சன்னம் கொண்டுவந்தது.

ஈயத் துகள் இறைச்சியில் கலப்பது பற்றியும் அங்கே பெரிய சண்டை. கலிபோர்னியாவில் 2019 யூலையில் இருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டாவே பாவிக்கக் கூடாது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு வேட்டைக்குப் பிரியப்பட்டுவிட்டோம் எண்டு நினைக்க வேண்டாம். இலங்கையில் மானோ மரையோ சுடுவது குற்றம், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டமும் அதுக்குப் பிறகு வந்த திருத்தங்களும் அப்படித்தான் சொல்லுது. அது அப்படியே இருக்க வேண்டும் எண்டுதான் நாங்களும் சொல்லுறோம். ஆனா அந்த முக்கால் மணித்தியாலப் பேச்சுக்குள் ஒரு பொறுப்பு இருக்கு. எந்த மிருகம், எவ்வளவு தூரம், அதுக்குப் பின்னால் என்ன நிக்குது, எவ்வளவு நேரத்தில் சாகும்: இவ்வளவுக்கும் ஒரு மனிசன் விசையை அழுத்த முதல் பதில் வைத்திருக்கிறான். பிழைத்தால் அவன்தான் பிழை.

இப்ப இஞ்சால வாங்க.

எங்கட பக்கத்துக் காட்டுக்குள் மான் சாகிறது மூண்டு விதம். கள்ளத் துவக்கு ஒண்டு. வாயில் கடித்தவுடன் வெடிக்கும் பன்றி வெடி இன்னொண்டு, சிங்களத்தில் 'ஹக்க பட்டாஸ்' எண்டு சொல்லுறது. மூண்டாவது கட்டுத்துவக்கு. இரவில் மிருகம் வாற தடத்தில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். காலோ உடம்போ பட்டால் வெடிக்கும். அதுக்குள் போகிறது கொம்பனித் தோட்டாவும் இல்லை, அளந்த மருந்தும் இல்லை. கையில் கிடைத்த ஈயமும் இரும்புத் துண்டும்தான். தாழக் கட்டுகிறபடியால் மனிசருக்குப் பட்டால் பெரும்பாலும் காலில்தான் படும். விறகுக்குப் போனவர், தேன் எடுக்கப் போனவர், மாடு தேடிப் போனவர் எண்டு காலை இழந்த ஆக்களைப் படுவான்கரையில் கேட்டுப் பார்த்தால் தெரியும். மான் எண்டால் காலில் பட்டுக்கொண்டு ஓடும். எங்கேயோ ஒரு பற்றைக்குள் இரண்டு நாள் கிடந்து சாகும். கட்டினவனுக்கு அந்த இறைச்சியும் இல்லை.

பன்றி வெடியும் பன்றியை மட்டும் பார்த்து வெடிக்காது. யானைக் குட்டிகள் அதைக் கடித்து, வாய் கிழிந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் கிடந்து செத்திருக்கு. மாடுகளும் அப்படித்தான். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பர் 15இல் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். காணி பறிபோவதோடு, மாடுகள் சுடப்படுவதும் வெடியால் வாய் சிதறுவதும் அவர்களின் முறைப்பாடு. அந்தப் பிரச்சினைக்கு வேறு அரசியலும் இருக்கு, அதை இன்னொரு கட்டுரையில் எழுதுவோம். கட்டுத்துவக்கும் வெடியும் ஆரின்ர கையில் இருந்தாலும் ஒரே மாதிரித்தான் எண்டதை மட்டும் இப்ப சொல்லுறோம்.

"அப்ப கமக்காரன் என்ன செய்வான்?" எண்டு கேட்பீங்க. நியாயம். உன்னிச்சை, உறுகாமம் குளங்களின் கீழ் வயல் செய்கிறவரோடு ஒரு இரவு காவலுக்கு இருந்து பார்த்தால் பன்றியைப் பற்றிக் கவிதை எழுத மனம் வராது. பயிர்ப் பாதுகாப்புக்கு அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தோடு 12 போர்த் துவக்குக் கொடுக்கிறது இருக்கு. (ஒரு இறாத்தல் ஈயத்தில் 12 குண்டு செய்தால் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ, அவ்வளவு பருமன் அந்தக் குழல். பேர் வந்த கதை அதுதான்.) முந்தி எங்கட ஊர்களிலும் வைத்திருந்தார்கள். 1980களில் கொஞ்சத்தை இயக்கங்கள் வாங்கிக்கொண்டன, மிச்சத்தை அரசாங்கம் வாங்கிக்கொண்டது எண்டு பெரியாக்கள் சொல்லுவாங்க. அனுமதியுள்ள துவக்கு போன இடத்தில் அனுமதியில்லாத இடியனும் கட்டுத்துவக்கும் வந்து குந்திக்கொண்டன. திருப்பிக் கமக்காரருக்குத் துவக்குக் கொடுக்கிற யோசனை அடிக்கடி எழும்புது. கொடுங்க. ஆனா அந்த அமெரிக்கர் கேட்ட கேள்விகளையும் சேர்த்துக் கொடுங்க: என்ன தோட்டா, எத்தனை, எவ்வளவு தூரம், ஆர் பழக்கிவிடுறது, கணக்கு ஆரிட்ட. எஸ்.ஜி. தோட்டா ஒண்டுக்குள் எட்டொன்பது குண்டு இருக்கும். இருட்டில் ஐம்பது யாருக்கு அப்பால் அது எங்கே போகும் எண்டு சுட்டவனுக்கே தெரியாது.

சட்டத்தைப் பற்றி ஒரு வயித்தெரிச்சலும் இருக்கு. 1848இல் இருந்து 1855 வரை நுவரெலியாவில் இருந்த சாமுவேல் பேக்கர் எண்ட வெள்ளைக்காரர் இலங்கையில் தான் ஆடின வேட்டையைப் புத்தகமாகவே எழுதினார். தன்ர துவக்குகளின் பாரம், குண்டின் அவுன்ஸ் எல்லாத்தையும் பெருமையாகப் பதிந்திருக்கிறார். அதில் ஒண்டு 21 இறாத்தல் பாரம், போட்ட குண்டு 4 அவுன்ஸ். அவருக்கு அது விளையாட்டு. 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா வந்தபோது, அந்தக் காட்டில் தின்னுறதுக்காக வேட்டையாடின வேடர்கள் ஒரே நாளில் குற்றவாளியானார்கள். காட்டைக் காக்கிற சட்டம் வேண்டும்தான். அதன் பாரம் எப்பவும் ஒரே பக்கத் தோளில் ஏறுவதுதான் எங்களுக்குச் செமிக்கவில்லை.

இன்றைக்கும் அப்படித்தான். பிடிபடுகிறவன் கட்டுத்துவக்குக் கட்டின ஏழை. அவனுக்குக் காசு கொடுக்கிறவர் டவுனில் இருக்கிறார். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கொழும்பிலும் "மரை வத்தல் கிடைக்குமா?" எண்டு கேட்கிறவர்கள் ஆர்? உத்தியோகத்தர், வாத்திமார், வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வந்த மாமா. எங்கட வீடுகள்தான். பன்றிக்குக் கட்டினது எண்டு சொல்லுகிற துவக்கில் பாதி இந்தக் கேள்விக்காகக் கட்டினது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். யானைக்காகப் பேஸ்புக்கில் அழுதுகொண்டு, தேனில் ஊறின மான் இறைச்சியைச் சீலைப்பையில் சுற்றிக் கொழும்புக்கு அனுப்புகிற ஆக்களை எங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் நாங்களும் தின்றிருக்கிறோம், ருசியாகத்தான் இருந்தது.

அந்த வீடியோவுக்குப் பிறகு வந்த கலியாணமொன்றில், பின் அடுப்படியில் ஒரு பை வத்தலை அவிழ்த்தார்கள். நாங்கள் கையை வைக்கவில்லை. கொண்டுவந்தவரிடம் மட்டும் கேட்டோம், "இது என்ன வெடியில விழுந்தது அண்ண?"

அவர் சிரித்தார். "அது தெரியாது மனே. விடியப் போய்ப் பார்க்கக்குள்ள கிடந்தது."