வரலாறு விலைப்பொருளா?

கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சைக்கு வரலாற்றைப் பாடமாக எடுக்கும் மாணவர், இலங்கை வரலாற்றுடன் இந்திய வரலாறு, ஐரோப்பிய வரலாறு, நவீன உலக வரலாறு ஆகிய மூன்றனுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம் என்பது ஏற்பாடு. தெரிவுசெய்யும் உரிமை மாணவருக்கே என்று கடதாசி சொல்கிறது. கொடிகாமத்தில் நடப்பதோ வேறு. எந்தப் பகுதிக்குப் பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறார்? எந்தப் பகுதிக்கு யாழ்ப்பாண நகரத்து ரியூட்டரியில் ‘நோட்ஸ்’ கிடைக்கும்? அந்நகருக்குப் போய்வர வீட்டில் காசு உண்டா? இந்த மூன்று கேள்விகளே அங்கே தெரிவைச் செய்கின்றன. உலக வரலாற்றைக் கற்க விரும்பிய பிள்ளை கற்பிப்பார் இன்றி அதனைக் கைவிடுவதும், கைவிடாத பிள்ளை பழைய வினாத்தாள்களோடு தனித்துப் போராடுவதும் நாம் அறிந்தவை. இது ஒரு பிள்ளையின் குறையா? ஒரு வீட்டின் வறுமையா? அன்று. இது தமிழ் மக்களின் அரசியற் பிரச்சினை என்பதே எமது துணிபு.

இலவசக் கல்வி எங்கே நின்றது?

1945 இல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த அந்தச் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கிடுகு வேய்ந்த வீட்டுப் பிள்ளையையும் அது பல்கலைக்கழகத்தின் வாயிலுக்குக் கொண்டுசென்றது. ஆயினும் அந்த இலவசம் எவ்விடத்தில் கால் ஓய்ந்து நிற்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். முதலாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை அரசாங்கம் பாடநூலை இலவசமாகத் தருகிறது. பன்னிரண்டாம் தரத்தில் அந்தக் கை மடங்கிவிடுகிறது. பாடம் கனத்து, பரீட்சை கடினமாகி, போட்டி உச்சத்தை அடையும் அந்த இரண்டு ஆண்டுகளிலேதான் பிள்ளையின் கையில் நூல் இல்லை. தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் பாடத்திட்டமும் வழிகாட்டியும் ஆசிரியருக்காக எழுதப்பட்டவை. ஆசிரியரே இல்லாத வகுப்பில் அவற்றால் ஆகும் பயன் சிறிது. நூல் இல்லாத இடத்தில் ரியூட்டரிக் குறிப்பே நூலாகிறது. அந்தக் குறிப்புக்கோ விலை உண்டு.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தனது 27 ஆம் உறுப்புரையில், எல்லா நிலைகளிலும் கல்வி பெறுவதற்குச் சமமான வாய்ப்பை அனைவருக்கும் உறுதிசெய்வது அரசின் குறிக்கோள் என்று கூறுகிறது. கேட்பதற்கு இனிய சொற்கள்! ஆனால் இரண்டு உறுப்புரைகள் தள்ளி, 29 ஆம் உறுப்புரையில், இக்கோட்பாடுகள் எவருக்கும் சட்ட உரிமை எதனையும் அளிக்கமாட்டா. எந்த நீதிமன்றத்திலும் இவற்றை வலியுறுத்த முடியாது என்று அதே அரசியலமைப்பு கதவை அடைத்துவிடுகிறது. ஒரு கையால் எழுதி மறு கையால் அழிப்பது என்பது இதுவன்றோ! வழக்குமன்றம் ஏறிப் பெறமுடியாத உரிமையை மக்கள் தம் அமைப்பின் வலிமையால் பெறுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரே மாவட்டம், இரண்டு உலகம்

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கீடு உள்ள துறைகளில், இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டுள்ளன. சட்டத்துறையும் இவ்வாறு மாவட்டம் பார்த்து வெட்டுப்புள்ளி விதிக்கும் துறைகளுள் ஒன்று. இந்தக் கணக்கில் யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும் ஒரே அலகு. நல்லூரில் வீட்டு வாசலிலிருந்து நடந்தே மூன்று ரியூட்டரிகளுக்குப் போகக்கூடிய பிள்ளையும், இருபது கிலோமீற்றருக்கு அப்பால் கொடிகாமத்திலோ, அதற்கும் அப்பால் எழுதுமட்டுவாளிலோ மாலை பஸ்ஸை எண்ணி அஞ்சும் பிள்ளையும் ஒரே தராசில் நிறுக்கப்படுகிறார்கள். தரப்படுத்தல் என்ற சொல் 1970களில் எம் இளைஞரின் நெஞ்சில் எத்தகைய காயத்தை உண்டாக்கிற்று என்பதை எவரும் மறவார். மொழியைப் பார்த்து, மாவட்டத்தைப் பார்த்து எமது பிள்ளைகளுக்குப் புள்ளி உயர்த்தப்பட்டதை அநீதி என்று முழங்கிய நாம், எமது மாவட்டத்துக்கு உள்ளேயே நகரமும் கிராமமும் இவ்வாறு பிரிந்து கிடப்பதைக் கண்டும் வாய்மூடி இருத்தல் முறையாகுமா?

கொடிகாமம் வரலாற்றை ஏட்டில் மட்டும் படித்த ஊர் அன்று. 1990 இல் நின்றுபோன புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓட 2014 வரை காத்திருந்த பாதையில் அது இருக்கிறது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்குள் வந்தபோது இப்பகுதியின் பாடசாலைகளும் கோயில்களும் வீட்டுத் திண்ணைகளும் அடைக்கலம் கொடுத்தன. 2000 ஆம் ஆண்டில் தென்மராட்சியே போர்க்களமாகிச் சாவகச்சேரி சிதைந்தது. வரலாறு தன் மேல் நடந்து சென்ற ஒரு மண்ணின் பிள்ளைக்கு வரலாறு கற்பிக்க ஆள் இல்லை என்பது வெட்கத்துக்குரியது.

குறிப்பு தரும் வரலாறு

வரலாறு படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்போர் உளர். சட்டம் படிப்பவனுக்கும் நிருவாக சேவைக்குப் போட்டியிடுபவனுக்கும் இப்பாடத்தின் பயன் சொல்லாமலே விளங்கும். ஆனால் எமது விடை அதோடு முடியவில்லை. உரிமை கேட்கும் ஒரு மக்கள் கூட்டத்துக்கு உலக வரலாறு ஓர் ஆயுதம். அதனைக் கையாளத் தெரியாதவனுக்குத் தன் கோரிக்கையையே விளக்கத் தெரியாது.

ஓர் உதாரணம் காட்டுவோம். 1926 யூலையில், ஒக்ஸ்போட்டில் கற்றுத் திரும்பிய இளைஞர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, இலங்கைக்கு ஏற்ற ஆட்சிமுறை சமஷ்டியே என்று பேசினார். அவர் காட்டிய முன்மாதிரிகளுள் சுவிற்சர்லாந்தும் ஒன்று. அவர் பெயர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. முப்பது ஆண்டுகள் கழித்து, 1956 இல், சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. எங்கள் மேடைகளில் இச்செய்தி பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆனால் சுவிற்சர்லாந்து ஏன் முன்மாதிரி ஆயிற்று என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

ரியூட்டரிக் குறிப்பு, 1848 இல் சுவிற்சர்லாந்தில் சமஷ்டி அரசியலமைப்பு உருவானது என்று ஒரு வரி தரும். பிள்ளை அதனை மனனம் செய்யும். வினா சற்றுத் திரும்பினால் விடை தடுமாறும். உணர்ந்து கற்பிக்கும் ஆசிரியரோ அதற்கு முந்திய ஆண்டிலிருந்து தொடங்குவார். 1847 நவம்பரில் அந்நாடு உள்நாட்டுப் போர் ஒன்றைக் கண்டது. கத்தோலிக்கக் கன்ரன்கள் ஏழு தமக்குள் தனிக்கூட்டு அமைக்க, ஏனையவற்றுட் பெரும்பாலானவை படை எடுத்தன. ஒரு மாதத்துக்குள் போர் முடிந்தது. வென்றவர்கள் தோற்றவர்களின் கன்ரன்களை அழித்தார்களா? இல்லை. அடுத்த ஆண்டு எழுதிய அரசியலமைப்பில், வென்ற கன்ரனுக்கும் தோற்ற கன்ரனுக்கும், பெரியதற்கும் சிறியதற்கும், முழுக் கன்ரன் ஒவ்வொன்றுக்கும் மேற்சபையில் இரண்டு இடங்களே என்று விதித்தார்கள். ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் என்ற மூன்றையும் தேசிய மொழிகள் என்று அறிவித்தார்கள். பெரும்பான்மையோர் பேசியது ஜேர்மன் மொழியே. எனினும் ஜேர்மன் மட்டும் என்று சட்டம் செய்யவில்லை!

போர் முடிந்த பின் வென்றவர் செய்யவேண்டியது யாது என்ற வினாவுக்கு இதனிலும் சிறந்த பாடம் உண்டா? 2009 க்குப் பின் பிறந்த கொடிகாமத்துப் பிள்ளைக்கு இதனிலும் அவசியமான பாடம் உண்டா? இப்பாடத்தை ஒரு வரியாகச் சுருக்கி விலைக்கு விற்பதும், அந்த ஒரு வரியையும் வாங்க வழியில்லாதவனை விட்டுவிடுவதும் கல்வி ஆகா.

பழி யார் மேல்?

ரியூட்டரி ஆசிரியரைப் பழிப்பது எமது நோக்கம் அன்று. அவரும் பட்டம் பெற்று, உத்தியோகத்துக்குக் காத்திருந்து, தன் அறிவால் வயிறு வளர்க்கும் எம்மவரே. அவருள் வல்லவரும் உண்டு. ஏழைப் பிள்ளையிடம் பணம் வாங்காத பெருந்தகையும் உண்டு. தனியார் வகுப்புகளை முற்றாகத் தடைசெய்க என்று கூக்குரல் இடுவோரோடும் நாம் உடன்படோம். 1968 ஆம் ஆண்டின் பொதுப் பரீட்சைகள் சட்டம் இருக்கிறது. பரீட்சை நெருங்கியதும் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் நிறுத்துமாறு ஆண்டுதோறும் அறிவித்தல் வருகிறது. நிறுத்தச் சொல்வதற்கு அரசாங்கம் உண்டு. கற்பிக்க வேண்டிய காலத்தில் அது எங்கே? தடை நகரத்துப் பிள்ளைக்குச் சில நாள் ஓய்வு. கிராமத்துப் பிள்ளைக்குத் தடையும் ஒன்றே, அனுமதியும் ஒன்றே. இருந்தால் அல்லவோ நிறுத்துவதற்கு!

மாகாணத்திடம் கேட்போம் என்றால், 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் கல்வியின் பெரும்பகுதியை மாகாணத்துக்கு அளித்தது. வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் பல சென்றும் தேர்தல் வைக்கப்படவில்லை. மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட சபை இல்லாத இடத்தில் கல்விப் பணிமனையிடம் விடை கேட்பார் யார்?

செய்ய வேண்டியது யாது?

கேட்பதோடு நில்லாமல் செய்யவும் முற்படுவோம். கொடிகாமச் சந்தி, கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடும் இடம். வரணி, மிருசுவில், உசன், கச்சாய், எழுதுமட்டுவாள் மக்கள் தேங்காயும் மாம்பழமும் பலாவும் கொண்டு சந்தைக்கு வரும் இடம். சந்தை கூடக்கூடிய இடத்தில் வகுப்பும் கூடலாம்.

ஆகவே நாம் கோருவன நான்கு. முதலாவது, தென்மராட்சிக் கல்வி வலயம் தன்னிடம் உள்ள வரலாற்று ஆசிரியர்களை ஒன்றுகூட்டி, சனிக்கிழமைதோறும் கொடிகாமத்துப் பாடசாலை ஒன்றில், எப்பாடசாலைப் பிள்ளையும் வந்து அமரத்தக்க பொது வகுப்பை இலவசமாக நடத்தல் வேண்டும். இரண்டாவது, 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நூலகம் நடத்தும் அதிகாரத்தைச் சபைகளுக்கு அளித்துள்ளது. சாவகச்சேரி பிரதேச சபை அவ்வதிகாரத்தைக் கொண்டு உயர்தர வரலாற்றுக்குரிய நூல்களையும் தேசப்படங்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் வாங்கி வைத்தல் வேண்டும். மூன்றாவது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற தென்மராட்சிப் பட்டதாரிகளும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மாதத்தில் இரண்டு மாலைகளைத் தம் ஊர் வாசிகசாலைக்குக் கொடுத்தல் வேண்டும். பிள்ளை எழுதிய கட்டுரை விடையைத் திருத்திக் கொடுப்பதே பேருதவி. குறிப்பு கொடுப்போர் பலர், விடை திருத்துவோர் சிலர். நான்காவது, நூலகம் நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஈழத்துத் தமிழ் ஏடுகளையும், கல்வி நிறுவகத்தின் கைந்நூல்களையும் அச்சிட்டுப் பிள்ளையின் கையில் சேர்க்கச் சனசமூக நிலையங்கள் முன்வரல் வேண்டும். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் வளைவு கட்டும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

அரசியல் தொண்டர்களுக்கும் ஒரு சொல். தேர்தல் காலத்தில் வீடு வீடாக ஏறும் கால்கள், மாலை வகுப்பு முடிந்த பெண்பிள்ளைகளைப் பாதுகாப்பாக வீடு சேர்க்கவும் பயன்படட்டும். மண்டபம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு வகுப்பறை பிடிக்கத் தெரியாதா? துண்டுப்பிரசுரம் அச்சிடத் தெரிந்தவர்களுக்கு வினாத்தாள் அச்சிடத் தெரியாதா?

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்கள் நாம் எதனால் வாழ்கிறோம் என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் அன்று சாம்பலாயின. எரித்தவரை இன்றும் குற்றம் சாட்டுகிறோம், சாட்டுவது நியாயம். ஆனால் எரியாமல் எஞ்சியிருக்கும் அறிவை எம் கடைக்கோடிக் கிராமத்துப் பிள்ளைக்கு எட்டாமல் வைத்திருப்பதற்கு யாரைக் குற்றம் சாட்டுவது? தன் வரலாற்றையும் உலகின் வரலாற்றையும் கற்ற தலைமுறையே தன் வரலாற்றைத் தானே எழுதும். அத்தலைமுறை கொடிகாமத்தில் புத்தகமும் ஆசிரியரும் இன்றிக் காத்திருக்கிறது. அடுத்த பரீட்சைக்கு முன்னராவது அதற்கு ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுவோமாக!