இந்த அளவுகோலைத் திருத்துங்கள்

ஒரு மரப்பலகை. அதில் பத்துக் குழிகள். வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம் என்று பத்துக் கட்டைகள். கட்டைகளைக் கலைத்து வைத்துவிட்டு, பிள்ளை அவற்றை எத்தனை நொடியில் அந்தந்தக் குழியில் பொருத்துகிறது என்று ஸ்டாப்வாட்ச் பிடித்துப் பார்க்க வேண்டும். அதையே மூன்று முறை செய்ய வேண்டும். எதுவார் செகேன் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் வழங்கும் இந்தப் பலகைக்கு ஆஸ்பத்திரிப் பேச்சில் ‘செகுவின் போர்டு’ என்று பெயர். குழந்தைகள் மருத்துவமனையில் உளவியல் சோதனை செய்பவர் பிள்ளையைப் பழக்கிக்கொள்ள முதலில் எடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இதை ஒழுங்காகச் செய்ய அமைதியான அறை வேண்டும். தூங்கி எழுந்து வயிறாரச் சாப்பிட்டு வந்த பிள்ளை வேண்டும். அவசரமில்லாத ஆள் வேண்டும். நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இந்த மூன்றும் ஒரே காலையில் கூடி வருவது அரிது. முதல் பேருந்தில் ஏறி, ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சில் காத்துக் கிடந்து, அழுது ஓய்ந்து, கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு பிள்ளை உள்ளே வருகிறது. கதவுக்கு வெளியே அடுத்த பத்துப் பேரின் சத்தம். முழுமையான மதிப்பீட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது வேண்டும், சில பிள்ளைகளை இரண்டாம் நாளும் வரச்சொல்ல வேண்டும். கிடைப்பதோ அரை மணி. அந்த அரை மணியில் எழுதப்படும் எண் அந்தப் பிள்ளையின் பெயரோடு பல்லாண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மேசைக்குப் பின்னால் இருப்பவரை நாம் குறை சொல்லவில்லை. அவரைக் குமாஸ்தாவாக்கிய அமைப்பைத்தான் கண்டிக்கிறோம்.

அந்த எண்ணுக்கு என்ன அதிகாரம் என்பதைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன்கீழ் மத்திய அரசு 2018 ஜனவரியில் ஊனத்தை அளக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அறிவுத்திறன் குறைபாட்டின் சதவீதத்தை வைன்லாண்டு சமூக முதிர்ச்சி அளவை கொண்டு கணக்கிடச் சொன்னது. மதிப்பெண் 55 முதல் 69 வரை என்றால் ஊனம் 50 சதவீதம். 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம். இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆகவே அந்த வழிகாட்டுதலின்படி 69 எடுத்த பிள்ளைக்குக் கதவு திறந்தது, 70 எடுத்த பிள்ளைக்கு மூடியது. எந்த உளவியல் சோதனையிலும் மதிப்பெண் சில புள்ளிகள் மேலும் கீழும் ஆடும் என்பது இந்தத் துறையின் பாலபாடம். அந்த ஆட்டத்துக்கு இடமே விடாமல் ஒற்றைப் புள்ளியில் கோடு கிழித்தது எந்த நியாயம்?

இன்னொன்றும் உண்டு. அந்த அளவையைப் பிள்ளையிடம் நடத்துவதில்லை, தாயிடமோ தகப்பனிடமோ கேட்டு நிரப்புகிறார்கள். தானே சாப்பிடுவானா, தானே உடுத்துவானா, கடைக்குத் தனியாகப் போவானா? வரிசையில் பின்னால் நிற்பவர்கள் காதில் விழுமே என்று கூசிப்போன தாய், “எல்லாம் அவனே பண்ணிக்குவான் சார்” என்று சொல்லிவிடுகிறாள். பிள்ளையின் மானத்தைக் காப்பதாக நினைத்து அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவனுடைய சான்றிதழைத் தட்டிப் பறித்துவிடும். நேரமுள்ள சோதனையாளர் திருப்பிக் கேட்பார். “நேத்து ராத்திரி சோறு யார் பெசஞ்சு குடுத்தது?” என்று கேட்பார். அப்போதுதான் உண்மை வெளியே வரும். அந்தக் கேள்விக்குத்தான் இன்று நேரம் இல்லை.

கருவிகளின் வயதையும் சொல்ல வேண்டும். வைன்லாண்டு அளவையை அமெரிக்காவில் எட்கர் டால் 1935-ல் உருவாக்கினார். பினே-காமத் சோதனையை வி.வி. காமத் தார்வாரில் கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்து 1930-களில் வகுத்தார். நாக்பூரில் மாலின் செய்த இந்தியக் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் அளவை 1969-ஐச் சேர்ந்தது; சென்னையில் தொலைக்காட்சி வர அப்போது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. இன்றைக்குப் புதுச்சேரியின் பாகூரிலோ திருபுவனையிலோ கையில் கைப்பேசியோடு வளரும் பிள்ளையை அந்தக் காலத்துப் பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம். முன்னோடிகள் மீது நமக்கு மதிப்பு உண்டு. அவர்கள் இல்லையென்றால் இந்திய மொழிகளில் சோதனையே இருந்திருக்காது. ஆனால் அவர்கள் விட்ட இடத்திலேயே அரை நூற்றாண்டுக்கு மேல் உட்கார்ந்திருப்பது சோம்பல்.

புதுச்சேரிக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. உலகின் முதல் அறிவுத்திறன் அளவையை ஆல்பிரெட் பினேயும் தியோடர் சிமோனும் 1905-ல் பாரிஸில் வெளியிட்டார்கள். எந்தக் கொடியின்கீழ் அது பிறந்ததோ அதே கொடிதான் அன்று நம் கடற்கரையிலும் பறந்தது. பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக் கற்பித்தல் தரவே பிரெஞ்சுக் கல்வித் துறை அந்த வேலையைத் தொடங்கிவைத்தது. பிள்ளையின் அறிவு பிறவியிலேயே முடிந்துபோன அளவு என்று பேசியவர்களை பினே 1909-ல் எழுதிய நூலில் கடுமையாக எதிர்த்தார். பயிற்சியால் உயரும் என்றார். அடுத்து என்ன கற்றுத் தரலாம் என்று அறிவதற்காக வந்த சோதனையை நாம் சீட்டுக் கிழிக்கும் இயந்திரமாக்கிவிட்டோம்.

மொழியில் நடக்கும் அநீதி இதைவிடக் கொடிது. கற்றல் குறைபாட்டைக் கண்டறிய 2018 வழிகாட்டுதல் சொன்னது பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பை. அது முதன்மையாக ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைகளுக்காக உருவானது. தமிழில் எழுத்துத் தடுமாறும் பிள்ளை எங்கே தடுமாறும்? குறிலும் நெடிலும் குழம்பும். கொம்பும் காலும் இடம் மாறும். ‘க’ ஓரிடத்தில் ஒரு ஒலி, மற்றோரிடத்தில் வேறு ஒலி. நம் ஊரில் பாதிப் பேர் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறோம். அந்தப் பேச்சு வழக்கை அப்படியே எழுதுகிற பிள்ளைக்கும் உண்மையிலேயே எழுத்து பிடிபடாத பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலச் சொற்பட்டியல் காட்டிக்கொடுக்காது. சோதனையாளர் மனத்துக்குள் மொழிபெயர்த்துக் கேட்டால், அது தரப்படுத்திய சோதனையாகவே நிற்காது. இதே ஒன்றியப் பகுதியின் ஏனாமில் தெலுங்கு பேசும் பிள்ளை, மாகேயில் மலையாளம் பேசும் பிள்ளை. அவர்கள் கதி என்ன?

அமெரிக்கா இந்தப் பாடத்தை நீதிமன்றத்தில் கற்றது. கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து மந்தபுத்தி வகுப்பில் தள்ளினார்கள். வீட்டு மொழியில் மறுபடி சோதித்தபோது சராசரியாக 15 புள்ளிகள் கூடின. டயானா வழக்கு என்று அறியப்படும் அது 1970-ல் உடன்பாட்டில் முடிந்தது. அதன்பின் அந்த மாநிலம் பிள்ளைகளை வீட்டு மொழியிலும் சோதிக்க ஒப்புக்கொண்டது.

இதைச் சரிசெய்யும் அவசரம் இப்போது கூடியிருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் உள்ள மாணவருக்கு மூன்று மணி நேரத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. சொல்வதை எழுத ஆளும் வைத்துக்கொள்ளலாம். காசுள்ள வீட்டுப் பிள்ளை தனியாரிடம் போய் மதிப்பீடு செய்துகொண்டு அந்த ஒரு மணி நேரத்தை வாங்கிவிடுகிறான். அரசுப் பள்ளிப் பிள்ளை ‘மக்கு’ என்ற பெயரோடு தேர்வறையிலிருந்து வெளியே வருகிறான்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. பள்ளிப் பிள்ளைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும், முதல் கணக்கெடுப்பை இரண்டே ஆண்டில் முடிக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19-ல். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், மாவட்டந்தோறும் அமையும் ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்தில் உளவியலாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. பதிவில்லாமல் இத்தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், 1992. ஆயிரம் ரூபாயை இன்று யார் அபராதமாக மதிக்கிறார்கள்?

புதுச்சேரி நலவழித்துறைக்குச் சொல்கிறோம். குழந்தைகளைச் சோதிக்கும் உளவியலாளர் பணியிடங்களை ஒப்பந்தக் கூலியாக வைக்காமல் நிரந்தரமாக்குங்கள். ஒருவர் ஒரு நாளில் எத்தனை பிள்ளைகளைச் சோதிக்கலாம் என்று உச்சவரம்பு வையுங்கள். கதவு மூடும் அறை கொடுங்கள். 17-ஆம் பிரிவின்படியான கணக்கெடுப்பின் முடிவுகளைப் பள்ளிவாரியாக மக்கள் முன் வையுங்கள். ஜிப்மர் மருத்துவமனையும் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு உளவியல் துறையும் ஒரே ஊரில் இருக்கின்றன. இரண்டுக்கும் நிதி கொடுத்து, தமிழ்ப் பிள்ளைகளை அளந்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கான புதிய சராசரி அளவுகளை உருவாக்கச் சொல்லுங்கள். மத்திய அரசு ஒற்றைப் புள்ளியில் கோடு கிழிப்பதை விட்டுவிட்டு, கோட்டுக்கு அருகில் நிற்கும் பிள்ளைக்கு மறுசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். இவற்றில் எதுவும் நடக்காத காரியமில்லை.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. சோதித்தவரின் மறுவாழ்வுக் குழுமப் பதிவு எண் அதில் இருக்கிறதா, எந்த மொழியில் சோதித்தார்கள், எவ்வளவு நேரம் சோதித்தார்கள் என்று பாருங்கள். பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்றாலோ தூக்கம் இல்லை என்றாலோ வெட்கப்படாமல் சொல்லி வேறு தேதி கேளுங்கள்.