சிறு மேடையில் புதிய நாடகம்

விழிஞ்ஞம் என்னும் பெயர் இன்று கப்பல்களால் அறியப்படுகின்றது. 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முதல் பெருங்கப்பல் வந்து அணைந்ததும், 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதும் செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிந்தவையே. ஆயின் இம்மாதம் நாம் எழுதப் புகுவது கப்பலைப் பற்றியன்று, நாடகத்தைப் பற்றி. ஆண்டு விழா நெருங்கும்பொழுதெல்லாம் நம் குடும்பங்களிடையே ஒரு வினா எழுகின்றது: "இவ்வாண்டு என்ன நாடகம் போடுவது?" விடையும் பெரும்பாலும் ஒன்றே. சத்தியவான் சாவித்திரியில் ஒரு காட்சி. அன்றேல் திரைப்படத்திற் கண்ட நகைச்சுவைத் துணுக்கின் நகல். பிள்ளைகள் அவ்வசனத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு நெட்டுருச் செய்கின்றனர். மேடையில் ஒப்புவிக்கின்றனர். பெற்றோர் கைதட்டுகின்றனர். அவ்வளவோடு அடுத்த ஆண்டு வரை நாடகம் உறங்கிவிடுகின்றது.

இதில் குறை கூறுவதற்கு என்ன உளது என்று அன்பர்கள் கேட்கலாம். தமிழெழுத்து அறியாத பிள்ளை தமிழ் வசனம் பேசுவதே பெரிது என்பாரும் உளர். அவர்தம் ஆர்வத்தை நாம் மதிக்கின்றோம். ஆயினும் பொருள் உணராது பேசும் வசனம் எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இக்கேரளக் கரையிலேயே அதற்குரிய சான்று நின்று ஆடிக்கொண்டிருக்கின்றது.

கொல்லத்திற்கு வடக்கே கொச்சி, கொடுங்ஙல்லூர்ப் பக்கங்களில் இலத்தீன் கிறித்தவர் ஆடும் சவிட்டு நாடகத்தை நேயர்களிற் சிலர் கண்டிருக்கக் கூடும். நாஞ்சில் நாட்டார்க்கு 'சவிட்டு' என்னும் சொல்லை விளக்க வேண்டா. காலால் ஓங்கி மிதித்தலே சவிட்டு. பலகையால் அமைத்த உயர்ந்த மேடையில், ஐரோப்பிய வீரர் போல் தலைக்கவசமும் மின்னும் உடையும் அணிந்த நடிகர், பாட்டுக்கும் தாளத்துக்கும் ஏற்ப மேடை அதிர மிதித்து ஆடுவர். போர்த்துக்கீசியர் வந்த பின்னர் இக்கரையில் உருவான கலை இது. காறல்மான் சரிதம் இதன் பெருநாடகம். பிரெஞ்சு நாட்டை ஆண்ட சார்லமேன் பேரரசனே இங்குக் காறல்மான் ஆயினன். கதை ஐரோப்பாவினது, ஆடுவோர் மலையாளக் கரையினர். மொழியோ, மலையாளம் விரவிய தமிழ்! இந்நாடகத்தை ஆக்கியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழ்ப் புலவர் என்று வழிவழியாகக் கூறுவர். இன்றும் இக்கலையைக் கற்பிக்கும் ஆசானுக்கு 'அண்ணாவி' என்பதே பெயர். கோமாளிக்குக் கட்டியக்காரன் என்று பெயர். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனை இப்பெயர் நினைவூட்டுகின்றதன்றோ?

பல இரவுகள் தொடர்ந்து ஆடப்பெற்ற இந்நாடகம் நாளடைவில் நலிந்தது. நலிவுக்குக் காரணம் பல கூறுவர். திரைப்படம் வந்தது, செலவு மிகுந்தது, இளைஞர் வேறு தொழில் நாடினர் என்பன. இவையெல்லாம் உண்மையே. ஆனால் நம் கருத்தில் முதற்காரணம் வேறு. அவையோர்க்கு வசனம் விளங்கவில்லை. சுவடியிலிருந்த தமிழ் அப்படியே இருந்தது. கரையிலிருந்த மக்களின் மொழி முழுமையும் மலையாளமாயிற்று. காண்போர் உடையைக் கண்டனர், மிதியோசையைக் கேட்டனர். காறல்மான் என்ன கூறினன் என்பதை அறிந்திலர். சபீனா ராபி அம்மையார் 1960களில் இக்கலையை ஆராய்ந்து நூல் எழுதியதும், பின்னர் மலையாளத்தில் புதிய கதைகளைக் கொண்டு சவிட்டு நாடகங்கள் எழுதப் பெற்றதும், பள்ளிக் கலைவிழாப் போட்டியில் இதற்கு இடம் கிடைத்ததும் அக்கலைக்கு மீண்டும் உயிர் தந்தன. அக்கலை பிழைத்தது கண்டு மகிழ்வோம். ஆயின், பிழைத்தது சவிட்டு, கரைந்தது தமிழ். மலையாள எழுத்தில் தமிழ் வசனத்தை எழுதி நெட்டுருச் செய்யும் நம் பிள்ளைகளை எண்ணும்பொழுது இக்கதை நெஞ்சை உறுத்தாமலிருக்க இயலுமோ?

இதே கூத்து மரபு கடல் கடந்து இலங்கையில் வேறொரு வழி கண்டது. அங்குத் தமிழ்க் கத்தோலிக்கர் ஆடிய நாட்டுக் கூத்திலிருந்து சிங்கள மக்களின் 'நாடகம' தோன்றிற்று. அப்பழைய வடிவத்தை எடுத்து, பலப்பிட்டியைச் சேர்ந்த சார்ல்ஸ் சில்வா குணசிங்க என்னும் முதிய கூத்தாசானின் துணையோடு, பேராசிரியர் சரச்சந்திரா தம் மக்களின் மொழியில் 'மனமே' என்னும் புதிய நாடகத்தை ஆக்கினார். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அது முதன்முதல் ஆடப்பெற்றது. சிங்கள நாடகத்தின் போக்கே மாறிற்று. அது கண்டு வாளாவிராது, பேராதனைப் பல்கலைக் கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுவதை ஒன்றரை மணி நேர அளவிற்குச் சுருக்கி, மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை 1960களில் மேடையேற்றினார். பழமையைப் பேணுதல் என்பது சுவடியைப் பூட்டி வைத்தலன்று என்பதை இவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். திருவனந்தபுரத்திற்கு வடக்கே வெஞ்ஞாறமூடு என்னும் ஊரை அடுத்து ஆலந்தறை என்றொரு சிற்றூர் உளது. அங்கே 1970-இல் கொச்சு நாராயண பிள்ளை என்னும் ஆசிரியர் 'ரங்கப்பிரபாத்' என்னும் பெயரில் சிறுவர் நாடக அரங்கு ஒன்றைத் தோற்றுவித்தார். அதற்கு வழிகாட்டியாய் நின்றவர் நாடகாசிரியர் ஜி. சங்கரப் பிள்ளை. 'புஷ்பகிரீடம்' முதலிய நாடகங்களை அவர் குழந்தைகளுக்கெனவே எழுதினார். பெரியோர் நாடகத்தை வெட்டிச் சுருக்கிப் பிள்ளைகளின் வாயில் திணிக்கும் வழக்கத்துக்கு இது நேர்மாறு. எழுதும்பொழுதே, இதனை ஆடுபவன் பத்து வயதுச் சிறுவன், இதனைக் காண்பவள் அவன் தங்கை என்று கருதி எழுதுவது. ஒரு கிராமத்தில், பெருநகரத்து மின்விளக்கும் திரைச்சீலையும் இன்றி, இப்படியோர் அரங்கு அரை நூற்றாண்டைக் கடந்து நின்றது என்றால் அதன் வலிமை எங்கிருந்து வந்தது? அடுத்தடுத்துப் புதிய நாடகம் எழுதப்பட்டமையே காரணம் என்று நாம் துணிந்து கூறுவோம். ஒரே நாடகத்தை ஐம்பது ஆண்டுகள் ஆடியிருந்தால் மூன்றாம் ஆண்டே பிள்ளைகள் பந்தாடப் போயிருப்பர்.

இச்சங்கரப் பிள்ளைக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பை நம்மவர் பலர் அறியார். திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் அவர் ஆசிரியராகப் பணியாற்றியவர். அந்நிறுவனத்தை மனைவி சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து நிறுவிய ஜி. இராமச்சந்திரனோ நம் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவர். அங்கேதான் நாங்குனேரி சே. இராமானுஜம் சங்கரப் பிள்ளையின் நட்பைப் பெற்றார். 1967-இல் சாஸ்தாங்கோட்டையில் கூடிய நாடகக் களரி மலையாள நாடகத்தைப் புதுவழிப்படுத்திற்று. இராமானுஜம் அங்கும் சென்றார். பின்னர் அவர் மலையாளத்திலும் நாடகம் இயக்கினார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தில் நாடகம் கற்பித்தார். திருக்குறுங்குடிக் கோயிலில் நலிந்திருந்த கைசிக நாடகத்துக்கு 1999-இல் மறுவாழ்வு தந்தவர்களுள் ஒருவரும் அவரே. 2016-இல் மறைந்த இப்பெரியாரின் வாழ்க்கை நமக்குக் காட்டுவது யாது? தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே வாழ்பவன் இரண்டிடத்தும் அயலான் என்று நாம் புலம்புகின்றோம். அவர் இரண்டிடத்தும் வீட்டுக்காரராக இருந்தார்!

சிறிய இடம் போதுமோ என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். காவாலம் நாராயணப் பணிக்கரின் 'அவனவன் கடம்பா' 1975-இல் அரவிந்தனின் இயக்கத்தில் திருவனந்தபுரத்தில் மேடையேயின்றித் திறந்த வெளியில் ஆடப்பெற்றது. நடித்தவர்களுள் நெடுமுடி வேணுவும் கோபியும் இருந்தனர். பெருமண்டபமும் பட்டுத்திரையும் அவர்களைப் பெரியோராக்கவில்லை. பெருமண்டபம் எடுப்பதில் வேறொரு தொல்லையும் உண்டு. வாடகைக்கு அஞ்சி அவையை நிரப்ப வேண்டும். அவையை நிரப்ப ஏற்கெனவே வென்ற நாடகத்தையே போட வேண்டும். புதியது எழுதியவன் கையெழுத்துப் படியோடு வாயிலில் நிற்க வேண்டும். அறுபது பேர் அமரும் கூடத்தில் புதிய நாடகம் தோற்றாலும் அறுபது பேர்க்கே தெரியும். மறு மாதம் திருத்தி ஆடலாம்.

"வீட்டில் பேசும் கலப்புத் தமிழை மேடையேற்றினால் தமிழ் கெடாதோ?" என்று மூத்த அன்பர்கள் வினவுவர். அவர்கள் மனோன்மணீயத்தைச் சுட்டுவர். சுட்ட வேண்டியதே. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 1891-இல் வெளியிட்ட அந்நாடகம் இம்மண்ணில் பிறந்த தமிழ்ச் செல்வம். ஐந்து அங்கம், இருபது களம், செய்யுள் நடை. படிக்குந்தொறும் இன்பம் தருவது. ஆனால் அதனை நம் பிள்ளைகள் பத்து நாட்பயிற்சியில் ஆடவும், நம் வீட்டுப் பெண்டிர் கேட்ட மாத்திரத்தில் உணரவும் இயலுமோ? அது கற்பதற்கு, இது ஆடுவதற்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் இரண்டையும் இழக்கின்றோம். தமிழ் நாடக மேடையில் ஔவையாகவே வாழ்ந்த தி. க. சண்முகம் 1912-இல் பிறந்ததும் இதே திருவனந்தபுரத்தில்தான். அவரும் உடன்பிறந்தாரும் புராணத்தோடு நின்றுவிடாமல் 'குமாஸ்தாவின் பெண்' போன்ற சமூக நாடகங்களையும் மேடையேற்றி அவற்றுக்கு அவையைப் பழக்கினர் என்பதை நாம் மறத்தலாகாது.

எதைப் பற்றி எழுதுவது? விழிஞ்ஞத்தில் இருந்துகொண்டு இவ்வினாவைக் கேட்பவரைக் கண்டால் நமக்கு வியப்பே உண்டாகின்றது. பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞக் கோட்டையை அழித்த எட்டாம் நூற்றாண்டுக் கதை இருக்கின்றது. ஆயின் அதற்கு முடியும் வாளும் வேண்டும், வாடகைக் கடைக்கு நடக்க வேண்டும். அதனை விடுவோம். அண்மையில் நிகழ்ந்தது போதாதோ? 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபொழுது, கடலுக்குச் சென்றவர்க்காகப் பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் காத்திருந்த பெண்கள் மலையாளத்தில் அழுதனர்; தூத்தூரிலும் வள்ளவிளையிலும் காத்திருந்தவர் தமிழில் அழுதனர். இடையே இருப்பது 1956-இல் இட்ட எல்லைக் கோடு ஒன்றே. கட்டுமரம் என்றால் இருபுறத்தார்க்கும் விளங்கும்; கரமடி என்றாலும் விளங்கும். இரு மொழிப் பெண்கள் ஒரே கரையில் ஓர் இரவு காத்திருப்பதை ஒரு நாடகமாக எழுதினால் அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமோ? துறைமுகத்தை எதிர்த்து 2022-இல் மீனவர் நடத்திய நெடும்போராட்டத்தையும், அத்துறைமுகத்தால் வேலை பெறுவோரின் குடும்பங்களையும் ஒரே வீட்டில் வைத்து எழுதலாம். இதில் யார் பக்கம் சாய்வது என்பதை எழுதுவோர் அறிவுக்கே விட்டுவிடுகின்றோம். ஆனால் இரு பக்கத்துக்கும் நல்ல வசனம் தருதல் வேண்டும். ஒரு பக்கத்தார் மட்டும் பேசினால் அது கூட்டமாகும், நாடகமாகாது.

துயரம் மட்டுமே வேண்டும் என்பதில்லை. ஊரிலிருந்து வரும் பாட்டியிடம் பேரன் "வெள்ளம் வேணும்" என்கிறான். ஆற்றங்கரையில் வாழ்ந்த கிழவி, "ஐயோ, வெள்ளமா? போதுமடா சாமி!" என்று பதறுகின்றாள். அவன் கேட்டது குடிக்கத் தண்ணீர். பக்கத்து வீட்டு மாமா "சம்சாரிக்கணும்" என்று வந்து நிற்க, அவர் தம் மனைவியைத் தேடி வந்தார் போலும் என்று பாட்டி எண்ணி, "அவள் இங்கே இல்லையே!" என்கின்றாள். இத்தகைய நகை நம் வீடுகளில் நாள்தோறும் நிகழ்கின்றது. இதனைத் திரைப்படத்திலிருந்து கடன் வாங்க வேண்டுவதில்லை. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பேரனாக நடிப்பவன் இரு சொல்லின் இரு பொருளையும் அறிந்தாலன்றி இவ்வசனத்தைப் பேச இயலாது. அவையோர் சிரிக்கும் இடம் எது என்று அவனே அறிந்துகொள்கின்றான். அறிந்தவன், "வெள்ளம் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?" என்று ஒருநாள் கேட்பான்.

ஆதலின், எழுதும் விருப்பமுடையோர் இவ்வாண்டு முயன்று பார்க்குமாறு வேண்டுகின்றோம். நாற்பது நிமிடத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று. நடிகர் ஐவர் அல்லது அறுவர். காட்சி மாற்றம் ஒன்றிரண்டு, திரை வேண்டா. பிள்ளைகளின் பங்கை அவர்களையே கேட்டு எழுதுக. நீங்கள் எழுதிய வசனத்தை அவர்கள் சொல்லிப் பார்க்கையில் நா தடுமாறும் இடம் எதுவோ, அதனை அடித்துவிடுக. எழுத்துப் படியைப் பெரிய தமிழெழுத்தில் எழுதிக் கொடுங்கள். மலையாள எழுத்தில் ஒருவன் பெயர்த்தெழுதிக்கொண்டால் சினக்க வேண்டா. அடுத்த படியில் அவன் பங்கை மட்டும் அவனே தமிழில் எழுதட்டும். முதல் வாசிப்புக்கு மண்டபம் வேண்டுவதில்லை. துலாமழை ஓய்ந்து மார்கழி பிறந்தால் யாரேனும் ஒருவர் வீட்டு மொட்டைமாடி போதும். கடற்காற்றில் தாள் பறவாதிருக்கக் கையில் ஒரு கல் மட்டும் வைத்துக்கொள்க.