டிராயரில் தூங்கிய டெஸ்ட்!

சாயங்காலமானா வார்டன்கிட்ட செல்போனை ஒப்படைச்சிட்டு, பரிதாபமா ரூமுக்குத் திரும்புற ஆளா நீங்க? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான்!

போன மாசம் ஒரு கம்பெனியிலிருந்து எனக்கு ஆன்லைன் டெஸ்ட் லிங்க் வந்தது. ஏழு மணிக்கு வந்து, எட்டு மணிக்கு முடிஞ்சே போச்சு. நான் பார்த்தப்போ மணி பத்து. அதுவரை என் போன் வார்டன் மேஜை டிராயரில் நிம்மதியா தூங்கிட்டிருந்தது!

அழுது முடிச்சு, தேடினப்போ கிடைச்சவர்தான் ஃபஹீமா ஷிரின். கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படிச்ச பொண்ணு. 2019-ல் அவங்க ஹாஸ்டலில் மாலை 6 முதல் இரவு 10 வரை போனுக்குத் தடா. 'முடியாது'ன்னார். வெளியே அனுப்பிட்டாங்க. நேரா கேரள ஹைகோர்ட் படியேறிட்டார்! இன்டர்நெட் வசதி கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடக்கம்னு அந்த செப்டம்பரில் நீதிபதி பி.வி.ஆஷா தீர்ப்பளிச்சார். ஃபஹீமாவுக்கு மறுபடியும் ஹாஸ்டலில் இடம்!

2020 ஜனவரியில், காஷ்மீர் நெட் முடக்க வழக்கில், இணையம் வழியா கருத்து சொல்றதுக்கும் தொழில் செய்றதுக்கும் அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டுன்னு சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

உடனே விசிலடிக்காதீங்க பாஸ்! போனால் மத்தவங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாதுன்னும் ஃபஹீமா தீர்ப்பிலேயே இருக்கு. நள்ளிரவு ரீல்ஸ் பார்ட்டிகள் கவனிக்க!

சண்டை வேண்டாம். எழுத்தில் கேட்போம். நான் வார்டனுக்கு மனு எழுதிட்டேன். கீழே கையெழுத்துப் போட என் ரூம்மேட்டும் ரெடி. உங்க ஹாஸ்டலில் யார் ரெடி?