ஜிரோவுக்குப் போறவங்க மூக்கைப் பார்க்காதீங்க

நடவு, அறுப்புன்னு வயலை விட்டு நகராதவன் நான். இந்த வருஷம் ஜூலையில ஒரு வாரம் அருணாச்சலப் பிரதேசம் போயிட்டு வந்தேன். தங்கச்சி மகன் குவாஹாத்தியில வேலை பார்க்கிறான். "மாமா, நெல்லு போடுற மலைக்காரங்க இருக்காங்க, வந்து பாருங்க"ன்னு மூணு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்.

குவாஹாத்தியில ராத்திரி ரயில் ஏறினா காலையில நாகர்லகுன். அங்கேருந்து ஷேர் சுமோவில மலை ஏறணும். 100 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா இடுப்பு ரெண்டாயிடும். மேலே போனதும் மலைகளுக்கு நடுவுல தாம்பாளம் மாதிரி ஒரு சமவெளி. முழுக்க நெல் வயல். கடல் மட்டத்துக்கு மேலே 1500 மீட்டருக்கும் அதிக உயரத்துல! அதுதான் ஜிரோ. அபதானி மக்களோட ஊர்.

அருணாச்சலத்துல 26 பெரிய இனக்குழுக்கள், உட்பிரிவு 100க்கும் மேல. பக்கத்து மலையில நிஷி மக்கள். ஒருத்தர் மொழி இன்னொருத்தருக்குப் புரியாதுங்கறதால பொதுவா ஹிந்தியில பேசிக்கிறாங்க. என் ஹிந்தி 'பானி', 'கானா'வோட சரி. மருமகன்தான் மொழிபெயர்ப்பு.

ஜிரோன்னு இன்டர்நெட்டுல தேடினா முதல்ல வர்றது வயசான பெண்கள் படம். ரெண்டு மூக்குலயும் வட்டமா கறுப்பு அடைப்பு, முகத்துல பச்சை குத்தின கோடு. எதிரி இனத்தான் தூக்கிட்டுப் போயிடக்கூடாதுன்னு அழகைக் கெடுத்துக்கிட்டாங்கன்னு ஒரு கதையும் கூடவே வரும். 1970கள்லயே அந்த வழக்கம் நின்னு போச்சு. இப்ப அது இருக்கிறது பாட்டிமார் முகத்துல மட்டும்தான்.

ஹோங் கிராமத்துல ஒரு பாட்டி வாசல்ல உட்கார்ந்து மூங்கில் சீவிக்கிட்டு இருந்தாங்க. ஒரு வேன் வந்து நின்னுச்சு. ஏழெட்டு பேர் இறங்கி, ஒரு வார்த்தை கேட்காம முகத்துக்கு நேரா கேமராவை நீட்டினாங்க. பாட்டி எழுந்து உள்ளே போய் கதவைச் சாத்திக்கிட்டாங்க. "ச்சே, மிஸ் ஆயிடுச்சு"ன்னு வேன் கிளம்பிப் போச்சு. உண்மையைச் சொல்லிடறேன், என் கையிலயும் போன் தயாரா இருந்துச்சு. பேசாம பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். நம்ம அப்பத்தா தண்டட்டியை எவனாவது இப்படிப் படம் புடிச்சா சும்மா விடுவோமா?

அப்புறம் வயலுக்குப் போனோம். வந்தது வீண் போகலைன்னு அங்கதான் தோணுச்சு.

ஏர் கிடையாது, டிராக்டர் கிடையாது. மிதுன் மாடு வச்சிருக்காங்க, ஆனா அதை உழவுக்குப் பூட்டறதில்ல. எல்லாம் கை வேலை, அதுலயும் பாதிக்கு மேல பெண்கள் கை. வரப்பு மேல கேப்பை நட்டிருக்காங்க. மடைக்கு மூங்கில் குழாய். அதை ஏத்தி இறக்கி வயல்ல எவ்வளவு தண்ணி நிக்கணும்னு வச்சுக்கறாங்க. வயலுக்குள்ள குழி வாய்க்கால் வெட்டி மீன் விட்டிருக்காங்க. தண்ணி இருக்கும்போது மீன் நெல்லுக்குள்ள மேயும், வத்தினா வாய்க்காலுக்குள்ள போயிடும். ஒரே நிலத்துல நெல்லு, மீன், கேப்பை மூணும்! ஊர்க் கழிவும், பன்றி, கோழி எச்சமும், காட்டுல மக்கின இலையும் மழைத் தண்ணியோட வயலுக்கு வந்து சேருது. மூட்டை உரம் கிடையாது.

அந்தத் தண்ணி வரணும்னா மேலே காடு இருக்கணும். அதனால குலத்துக்குக் குலம் காடு, வீட்டுக்கு வீடு மூங்கில் தோப்பு. யார் எங்க வெட்டலாம்னு கட்டுப்பாடு உண்டு, தகராறு வந்தா ஊர்ப் பெரியவங்க சபை பேசும். 2014ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல இந்தப் பள்ளத்தாக்கு இடம் பிடிச்சது சும்மா இல்ல.

களை எடுத்துக்கிட்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து, மருமகன் மூலமா கேட்டாங்க: "உங்க ஊர் வயல்ல மீன் உண்டா?"

"முன்னே இருந்துச்சும்மா. கெளுத்தி, விரால், குறவை. சின்ன வயசுல கையாலேயே புடிப்போம்."

"அப்புறம் என்னாச்சு?"

மருந்து அடிச்சோம்னு சொல்ல வாய் வரல. டெல்டாவுல பொறந்தவன், முப்பது வருஷமா விவசாயம் பார்க்கிறவன், வரப்புல தலை குனிஞ்சு நின்னேன்.

இதைப் படிச்சுட்டு "ஆஹா சொர்க்கம்"னு கிளம்பிடாதீங்க. வருஷத்துக்கு ஒரு போகம்தான். மண்வெட்டியோட சேத்துல நிக்கிற வேலை எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். படிச்ச பிள்ளைங்க இட்டாநகர் பக்கம் வேலைக்குப் போறாங்க. போகாதேன்னு சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு? நாமளும் பிள்ளைங்களை சென்னைக்கு அனுப்பிட்டுத்தானே உட்கார்ந்திருக்கோம். பாட்டிங்களோட மூக்கு அடைப்பு போறதைப் பத்தி எல்லாரும் எழுதறாங்க. அந்த வரப்பைப் புடிக்கிற கை போயிட்டா என்ன ஆகும்னு எழுத ஆளில்ல.

"நம்ம நாட்டுக்குள்ள போக எதுக்கு பெர்மிட்?"னு சிலர் கோபப்படறாங்க. இன்னர் லைன் பெர்மிட் 1873ல வெள்ளைக்காரன் தன் வியாபார வசதிக்குக் கொண்டுவந்த சட்டம்தான். ஆனா இன்னிக்கு அந்த நிலம் வெளியாள் கையில போகாம இருக்கிறதுக்கு அதுவும் ஒரு வேலி. ரோட்டோர நிலமெல்லாம் பிளாட் ஆகிப்போன ஊர்லேருந்து போனவன் நான். எனக்கு அந்த வேலியோட அருமை தெரியும்.

போங்க, கண்டிப்பா போங்க. பெர்மிட் ஆன்லைன்லயே கிடைக்குது. ஹோட்டல் வேண்டாம், வீட்டுல தங்குங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போற மாதிரி போங்க. முகத்தைப் படம் புடிக்கணும்னா கேட்டுட்டுப் புடிங்க. வரப்புல கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேளுங்க. சந்தோஷமா சொல்லுவாங்க.

ஊருக்கு வந்ததும் அரை ஏக்கரை மருந்தில்லாம விட்டிருக்கேன். விரால் வருதா பார்ப்போம். வந்தா எழுதறேன்.